நட்டு வந்துவிட்டது, போல்ட் வரவில்லை: பின் ஆக்ஸில் பிரிக்கும்போது செய்யும் தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் இன்றைக்கும் ஒரு மாருதி ஆம்னி வேன் நிற்கும். புண்ணாக்கு, பொட்டாஷ், பால் கேன், சில நாள் கன்றுக்குட்டிகூட அதில்தான் போகும். 1984 முதல் 2019 வரை விற்ற வண்டி. பின்னால் எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங், அதனால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்று ஒரு நினைப்பு. கடலே இல்லாத ஊரில் அடிப்பக்கம் எப்படி இப்படித் துருப்பிடிக்கிறது என்று கேட்பவர்கள் அந்த மூட்டைகளைப் பார்க்க வேண்டும். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் குளோரைடு உப்பு. சிந்தியது இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். அதன்மேல் போர் தண்ணீரை அடித்துக் கழுவுவோம். வண்டியைக் கட்டுத்தரை ஓரம் நிறுத்துகிறவர்கள் கதை இன்னும் மோசம்.

எங்கள் வண்டியின் பட்டை, அதன் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ், ஆட்டத்தை அடக்கும் ஷாக் எல்லாவற்றையும் மாற்றலாம் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பட்டையின் முன் வளையத்தில் இருக்கும் போல்ட்டின் நட்டு லேசாகவே வந்துவிட்டது. போல்ட் மட்டும் அசையவில்லை. நட்டு ஏறும் மரை முனையில் எண்ணெய் ஊற்றினேன், பெரிய சுத்தியலால் அடித்தேன், மறுபடி ஊற்றினேன். பத்துப் பதினைந்து அடியில் முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. இனி அது ஓட்டை வழியாக வராது. பக்கத்துப் பட்டறை அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நட்டுத்தான் வந்திருச்சுங்களே, அப்புறம் மரைக்கு எதுக்கு எண்ணெய்?"

அதுதான் நான் செய்த தவறு, பலரும் செய்வது. எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்காமலே அடிக்கத் தொடங்குவது. புஷ் என்பது வெறும் ரப்பர் இல்லை, அதன் நடுவே ஓர் இரும்புக் குழல் இருக்கிறது. போல்ட் அந்தக் குழலோடு முழு நீளத்துக்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் இறுக்கம் கூடிக்கொண்டே போகும். நாம் அடிக்கும் அடியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது, போல்ட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. கண்டுபிடிப்பது சுலபம். போல்ட் தலையை ஸ்பானரால் திருப்புங்கள். கொஞ்சம் போய், கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் போல்ட்டும் குழலும் ஒன்றாகிவிட்டன, முறுக்குவது ரப்பர் மட்டுமே. அந்த நிலையில் எண்ணெய் உள்ளே போவது அபூர்வம். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஹேக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். புஷ் எப்படியும் குப்பைக்குத்தான், புது போல்ட் வாங்கும் செலவு மட்டும் கூடும். புதுசு வாங்கும்போது பழைய தலையில் 8.8 அல்லது 10.9 என்று இருக்கும் எண்ணைப் பார்த்து அதே தரத்தில் வாங்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறது என்று கையில் கிடைத்ததை மாட்டக் கூடாது.

உண்மையிலேயே மரையில் பிடித்திருந்தால் வேலை முந்தைய நாளே தொடங்க வேண்டும். வயர் பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்த பிறகே எண்ணெய். அழுக்கின்மேல் ஊற்றினால் அழுக்குதான் ஊறும். ஆறு மூலை உள்ள பாக்ஸ் ஸ்பானர் போடுங்கள். பன்னிரண்டு மூலை ரிங், துருவில் மெலிந்த தலையை மழுக்கிவிடும். முதலில் கழற்றாமல் ஒரு இழை இறுக்கிப் பாருங்கள், சில நேரம் அந்தச் சின்ன அசைவில் துரு உடையும். அப்புறம் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஸ்பானரில் நாலடி பைப் செருகித் தொங்குவது கடைசி வழி. உள்ளே வெல்டு வைத்த நட்டாக இருந்தால் நட்டே பிய்ந்து சுழலும், பிறகு சேஸிஸில் ஜன்னல் வெட்ட வேண்டியதுதான்.

கேஸ் நெருப்பு காட்டினால் எல்லாம் வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் பட்டையில் படக் கூடாது. அது பதம் ஏற்றிய எஃகு, சிவக்கச் சூடானால் பதம் போய், பிறகு சுமையில் தொய்யும் அல்லது உடையும். உள்ளே கேஸ் அடைத்த ஷாக்கைச் சூடாக்கினால் வெடிக்கலாம். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்தப் பக்கத்திலேயே ஓடுகின்றன. கிரைண்டர் பொறிக்கும் இதே கதைதான். கேஸில் ஓட கிட் போட்ட வண்டி என்றால் நான் நெருப்பையே எடுக்க மாட்டேன்.

வண்டியைத் தூக்கி ஹாலோ பிளாக்கில் நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். சுவரில் அது வலுவாக நிற்கும், ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் நொறுங்கும். பாடி ஸ்டாண்டில் இருக்கட்டும், ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி. ஷாக்கைக் கழற்றியதும் ஆக்ஸில் இன்னும் கீழே இறங்கும், அப்போது பிரேக் ஹோஸ்தான் இழுபடும்.

மாட்டும்போது, பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் இழுபட்டிருக்கும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டை வேலை நடக்காத தெருவே குறைவு, புதுசுக்கு அலைய வேண்டியதில்லை. குழலுக்குள் போகும் போல்ட்டின் உடம்பில் கிரீஸ் தடவுங்கள். புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போதே முழுதாக இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பாதி இறுக்கி, சக்கரம் தரையில் பாரம் ஏந்திய பிறகு, கீழே படுத்துக்கொண்டு மீதியை இறுக்க வேண்டும். சட்டை முழுக்கச் செம்மண் ஆகும், பரவாயில்லை.