துணி டிசைனுக்குக் குறிச்சொல்: எதுவரை போகலாம், எங்கே நிறுத்தலாம்

கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, வடசேரிக் கல்யாணம், நாகர்கோவில் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் என்று பழைய படங்களை ஸ்கேன் செய்து தொகுப்பவர்கள் துணி டிசைனுக்குக் குறிச்சொல் (பிறகு தேடி எடுப்பதற்காகப் படத்தோடு இணைக்கும் சொல், அதாவது ‘டேக்’) போட வந்ததும் திணறுவது வழக்கம். ஒருவர் ‘சேலை’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்வார். அந்தச் சொல்லைத் தேடினால் பாதித் தொகுப்பே வந்து நிற்கும். இன்னொருவர் ‘சிவப்புச் சிறுகட்டம் போட்ட கறுப்புக்கரைப் பருத்திச் சேலை’ என்று ஒரே சொல்லாகக் கோத்துவிடுவார். அதை அப்படியே தட்டித் தேட எவரும் வரப்போவதில்லை.

குறிச்சொல் போடுமுன் இரண்டு கேள்விகள் போதும். படத்தை 100 சதவீத அளவில் விரித்தால் அந்த விவரம் கண்ணுக்குத் தெரிகிறதா? தேடி வருகிறவர் அந்தச் சொல்லைத் தட்டுவாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் போடுங்கள். முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் அது விளக்கக் குறிப்பில் இருக்கட்டும். இரண்டாவதற்கு மட்டும் ஆம் என்றால் விட்டுவிடுங்கள். இல்லாததைத் தேடி ஒருவர் வந்து ஏமாறுவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

ஒரு சொல்லில் ஒரு விவரம்

உடை, டிசைன், அது துணியில் இருக்கும் இடம், உருவான விதம் ஆகிய நான்கையும் தனித்தனிச் சொற்களாகப் பிரியுங்கள். உடைக்குச் சேலை, வேட்டி, சட்டை, பாவாடை. டிசைனுக்குக் கட்டம், கோடு, புள்ளி, பூ, மாங்காய். இடத்துக்கு உடல், கரை, முந்தி. விதத்துக்கு நெசவு, அச்சு, தையல்பூ, சுங்குடி. இப்படிப் போட்டால் ‘சேலை + கட்டம்’ என்று தேடுகிறவருக்கும் ‘கரை + மாங்காய்’ என்று தேடுகிறவருக்கும் ஒரே படம் கிடைக்கும். இவற்றில் இடத்தைத்தான் பலர் மறக்கிறார்கள். உடல் வெறுமையாகவும் கரையில் மட்டும் ருத்திராட்சமும் உள்ள சேலைக்கு ‘கரை: ருத்திராட்சம்’ என்று இணைத்துப் போடாவிட்டால், உடல் முழுக்க டிசைன் உள்ள சேலையோடு அது கலந்துவிடும்.

டிசைனுக்குள் மூன்று படிகள் வைத்துக்கொள்ளலாம். முதற்படி கட்டம், கோடு, புள்ளி, பூ, உருவம், வெற்று. இவற்றில் ஒன்று ஒவ்வோர் உடைக்கும் கட்டாயம். இரண்டாம் படி அளவு. சிறிது, பெரிது என்பதற்கு அளவுகோல் இல்லாவிட்டால் ஆளுக்கொரு கணக்கு ஆகிவிடும் என்பதால், உடுத்தியிருப்பவரின் கையைப் பாருங்கள். ஒரு கட்டம் அவருடைய கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிதானால் சிறுகட்டம், உள்ளங்கை அகலத்தை எட்டினால் பெருங்கட்டம், நடுவில் உள்ளதற்குக் ‘கட்டம்’ என்பதே போதும். மூன்றாம் படியில்தான் முத்துக்கட்டம், பாலும் பழமும், மயில்கண், கோபுரக்கரை போன்ற பெயர்கள் வரும். பெயர் தெரிந்தவர் ஒருவர் படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே இந்தப் படிக்குப் போகலாம்.

கீழ்ப்படிச் சொல் போட்டால் மேற்படிச் சொல்லையும் சேர்த்தே போடுங்கள். ‘பாலும் பழமும்’ என்று மட்டும் இருந்தால், ‘கட்டம்’ என்று தேடுகிறவருக்கு அந்தப் படம் அகப்படாது. டிஜிகாம், லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் சொற்களை மரம்போல் அடுக்க முடியும் என்றாலும், படத்தை வெளியே அனுப்பும்போது மேற்படிச் சொல்லும் கூடவே போகிறதா என்று ஒரு படத்தில் சோதித்துவிடுங்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் (காமன்ஸ்) முறை நேர்மாறானது. அங்கே மிகக் குறுகிய பகுப்பை மட்டும் போடவேண்டும், அதன் தாய்ப்பகுப்பைச் சேர்க்கக் கூடாது.

கண்ணை ஏமாற்றுபவை

கொசுவத்தில் மடிந்த கட்டம் கோடாகத் தெரியும். துணி தட்டையாக விரிந்திருக்கும் இடத்தை, அதாவது தோளையோ கையில் கிடக்கும் முந்தியையோ பார்த்தபின் முடிவெடுங்கள். சேலைக் கோட்டுக்கு ‘நெடுக்கு’, ‘குறுக்கு’ என்று போடாதீர்கள். கட்டியிருக்கும் வாகில் இடுப்பில் ஒரு திசையும் தோளில் வேறு திசையுமாக இருக்கும். கரையோடு ஒத்து ஓடினால் பாவுக்கோடு, கரையை வெட்டி ஓடினால் ஊடைக்கோடு என்று பிரிப்பதுதான் எப்படிக் கட்டினாலும் மாறாது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைத் தொடவே வேண்டாம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் சிவப்புக் கரை கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். பிறகு வந்த பான்குரோமாட்டிக் பிலிமிலும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடலாம். அப்போது இருந்த கோடே காணாமல் போகும். ஆகவே கறுப்பு வெள்ளையில் ‘வெற்று’ என்ற சொல்லைத் தயங்கித்தான் போடவேண்டும். கையால் வண்ணம் தீட்டிய ஸ்டுடியோப் படங்களிலும் அந்த நிறம் தீட்டியவருடையது, துணியுடையது என்று கொள்ளமுடியாது.

சரிகைக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கரையை மடிப்பு மடிப்பாகப் பின்தொடருங்கள். ஒரு மடிப்பில் வெளிச்சமாகவும் அடுத்ததில் இருட்டாகவும் மாறிமாறி வந்தால் சரிகை. எல்லா மடிப்பிலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் என்றால் நூல்கரை. முண்டும் நேரியதும் (கேரளப் பாணி இருதுண்டு உடை) உடுத்த படங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது. அவற்றில் கரை பளிச்சென்று தெரிந்தவுடன் ‘கசவு’ (சரிகைக்கரை) என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. மடிப்பைப் பார்க்காமல் எழுதவேண்டாம்.

புள்ளி டிசைனில் பிழை வரும் இடம் வேறு. விழா மலரிலோ நாளிதழிலோ அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் அச்சுப்புள்ளிகள் துணிப்புள்ளிபோல் தெரியும். அதே புள்ளிகள் முகத்திலும் சுவரிலும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். சிறுகட்டத் துணியைச் சின்ன முன்னோட்டப் படத்தில் பார்த்தால் அலை அலையாகத் தெரியும், அல்லது வெற்றாகவே தெரியும். முன்னோட்டத்தைப் பார்த்துக் குறிச்சொல் போடுவது கூடாது. கையகலப் பிரதிகளை 600 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல் ஸ்கேன் செய்தால் சிறுகட்டம் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

லேஸுக்கும் தையல்பூவுக்கும் குழப்பம் வரக்கூடாது. லண்டன் மிஷன் காலத்திலிருந்தே லேஸ் பின்னிய ஊர் நாகர்கோவில். அடியில் துணி இல்லாமல் நூலே வலையாக நின்றால் லேஸ், துணிமேல் நூல் ஓடினால் தையல்பூ.

ஊர்ப்பெயர்களை மட்டும் கண்ணால் பார்த்து எழுதவே எழுதாதீர்கள். வடசேரி, பாலராமபுரம், காஞ்சிபுரம், செட்டிநாடு என்பவை துணி எங்கே நெய்யப்பட்டது என்று சொல்பவை. அதைப் படம் காட்டாது. கடைச்சீட்டு, படத்தின் பின்னெழுத்து, தந்தவரின் வாய்மொழி, இவற்றில் ஒன்று இருந்தால் போடுங்கள். எதை வைத்துப் போட்டீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

எத்தனை படத்துக்கு ஒரு சொல்

புதிய டிசைன் ஒன்று கண்ணில் பட்டதும் அதற்கென்று சொல் திறக்கவேண்டாம். விளக்கக் குறிப்பில் எழுதிவையுங்கள். ஐந்து படங்களில் வந்தபிறகு சொல்லாக்கலாம். மறுபுறம், ஒரு சொல் தொகுப்பில் கால்வாசியைப் பிடித்துவிட்டால் அதை உடைக்கவேண்டும். தேரோட்டக் கூட்டத்தில் ஒவ்வொருவர் சேலைக்கும் போய்க்கொண்டிருக்க வேண்டியதில்லை. உருவம் படத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்காவது வருகிறவர்களுக்கு மட்டும் போதும்.

சாரம், லுங்கி, கைலி மூன்றும் ஒன்றே என்பதால் ஒன்றை முதன்மைச் சொல்லாக்கி மற்றவற்றை அதற்கு மாற்றுச்சொல்லாக இணையுங்கள். துவர்த்துக்கும் துண்டுக்கும் அப்படியே. சந்தேகம் இருந்தால் ‘கட்டம்?’ என்று கேள்விக்குறி போடாதீர்கள். தேடலில் அது வேறொரு சொல்லாகிவிடும். ‘கட்டம்’ என்றே போட்டு, கூடவே ‘சரிபார்க்க’ என்ற தனிச்சொல்லைச் சேர்த்தால் வேறொருவர் பிறகு வடிகட்டிப் பார்க்கலாம்.

தமிழில் எழுதும்போது

படக்கோப்புக்குள்ளேயே குறிச்சொல்லை எழுதிவைக்கும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனிக்குறி. ‘பூப்போட்ட பருத்திச் சேலை’ 22 குறிகளும் 2 இடைவெளிகளுமாக 68 பைட் ஆகிறது. கடைசி எழுத்து வெட்டுப்படலாம். 21 குறிகளைத் தாண்டாதீர்கள்.

ஒகர, ஓகார எழுத்துகளில் இன்னொரு சிக்கல். ‘கோடு’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பட்டியலில் ‘கோடு’ இரண்டு முறை நிற்கும், தேடினால் பாதிப் படங்கள் வராது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இது அடிக்கடி நேரும். பட்டியல் முழுவதையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்து நிற்பதை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றி, இரட்டையாக நிற்பவற்றை ஒன்றாக்கியபின்தான் படங்களில் எழுதுங்கள்.