ஒரே ஷோபான், இரண்டு வாசிப்பு: கேபி லாரெடெய்யைக் கேட்க ஆரம்பிப்பது எப்படி

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் படங்கள் பார்ப்பவர் என்றால், கேபி லாரெடெய்யின் பியானோவை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெயர்தான் தெரிந்திருக்காது. மேற்கத்திய செவ்வியல் இசை பழக்கமில்லாதவர்களுக்கும் இவரிடமிருந்து தொடங்குவது சுலபம் என்பது என் நம்பிக்கை, ஏனென்றால் ஒரு பியானோ கலைஞர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை அவருடைய ஒரு வேலையிலேயே கண்ணெதிரே பார்த்துவிடலாம்.

அந்த வேலை, 1978இல் வந்த பெர்க்மனின் 'ஆட்டம் சொனாட்டா' (Autumn Sonata) படத்தில் இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் படத்தைப் போடுங்கள். அம்மா சார்லோட் புகழ்பெற்ற பியானோ கலைஞர், மகள் ஈவா வீட்டோடு வாசிப்பவள். இசையமைப்பாளர் ஷோபானின் 24 பிரெலூட்களில் (சின்னச் சின்னப் பியானோ துண்டுகள்) இரண்டாவதை, ஏ மைனரில், அதாவது 'ஏ' என்ற சுரத்தை வீடாகக் கொண்ட ஸ்வர வரிசையில் உள்ளதை, மகள் முதலில் வாசிக்கிறாள். பிறகு அதையே அம்மா வாசித்துக் காட்டுகிறாள். திரையில் லிவ் உல்மனும் இங்க்ரிட் பெர்க்மனும். ஆனால் நாம் கேட்கும் இரண்டு வாசிப்பும் லாரெடெய்யுடையது. ஒருத்தியாகத் தயங்கித் தயங்கி வாசித்து, இன்னொருத்தியாக அதே சுரங்களை இறுக்கிப் பிடித்து வாசித்திருக்கிறார்.

முதல் தடவை காட்சியாகவே பாருங்கள். இரண்டாவது தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இடது கையை மட்டும் கவனியுங்கள். அடியில் விடாமல் அசைந்துகொண்டிருக்கும் அந்தக் கரகரப்பான இரட்டைச் சுரங்கள்தான் இடது கை. மகள் வாசிக்கும்போது அது எப்படி நகர்கிறது, அம்மா வாசிக்கும்போது எப்படி நகர்கிறது என்று மட்டும் ஒப்பிட்டால் போதும். உணர்ச்சி வேறு, உணர்ச்சிவசப்படுவது வேறு என்று சார்லோட் மகளுக்கு விளக்குகிறாளே, அது வெறும் வசனமாக இல்லாமல் காதிலேயே புரியும்.

இன்னொன்று. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரெலூட் கொஞ்சம் தவிப்பாக இருக்கும். நமக்குத் தம்பூரா முதலிலேயே சட்ஜத்தைக் கொடுத்துவிடுகிறது, வித்வான் எங்கே போனாலும் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும். இங்கே ஷோபான் அந்த வீட்டைக் கடைசி வரை காட்டுவதில்லை. முடிவு நெருங்கும்போது இடது கையும் அங்கங்கே நின்றுபோய் வலது கையின் மெட்டு தனியாக நிற்கும், அப்புறம்தான் ஏ மைனர் வந்து சேரும். அந்தத் தவிப்பைக் குறையென்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

சரி, அடுத்தது லாரெடெய் வாசித்த இன்னொரு பெர்க்மன் படம், 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்', 1972. இதிலும் ஷோபான், இதிலும் ஏ மைனர், ஓபஸ் 17 என்ற தொகுப்பின் நான்காவது மசூர்க்கா (போலந்து நடன வகையில் எழுந்த பியானோ துண்டு). (அதே படத்தில் பாக்கின் செல்லோ இசையும் வரும், அதை வாசித்தவர் பியர் ஃபூர்னியே.) படத்தில் கேட்ட பிறகு இந்த மசூர்க்காவை எங்காவது முழுதாகத் தேடிக் கேளுங்கள். பிரெலூட் கடைசியிலாவது வீடு சேர்ந்தது, இது சேராமலே மெல்லக் கரைந்து போகும். இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. மொசார்ட் வேண்டுமென்றால் 1976இன் 'ஃபேஸ் டு ஃபேஸ்' இருக்கிறது, அதில் சி மைனர் ஃபேன்டசி.

இப்போது வாழ்க்கைக்கு வரலாம். லாரெடெய் பிறந்தது ஸ்வீடனில் இல்லை, 1922இல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில். அப்பா எஸ்டோனியாவின் தூதராக ஸ்டாக்ஹோமில் இருந்தவர். 1940இல் சோவியத் யூனியன் எஸ்டோனியாவை எடுத்துக்கொண்டது, குடும்பம் ஸ்வீடனிலேயே தங்கிவிட்டது. பதினெட்டு வயதில் ஊரே இல்லாமல் போன பெண் இவர். 1946இல் ஸ்டாக்ஹோமில் அரங்கேற்றம். பியானோ கலைஞர் எட்வின் ஃபிஷரிடமும் பயின்றார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கச்சேரிகள் செய்தார், பின்னாளில் புத்தகங்களும் எழுதினார்.

1959இல் இயக்குநர் பெர்க்மனை மணந்தார். 1961இல் வந்த 'த்ரூ எ க்ளாஸ் டார்க்லி' படத்தைப் பெர்க்மன் இவருக்குத்தான் சமர்ப்பித்தார். 1969இல் விவாகரத்து. இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன மூன்று படங்களின் ஆண்டுகளைத் திரும்பப் பாருங்கள்: 72, 76, 78. எல்லாமே பிரிந்த பிறகு வந்தவை. இவரைப் 'பெர்க்மனின் மனைவி' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மணவாழ்க்கை முறிந்துபோன பிறகும் அந்த இயக்குநருக்குப் பியானோ என்றால் இந்தக் கைகள்தான் தேவைப்பட்டன.

2014இல், 92 வயதில் காலமானார். அவர் முகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் 1982இன் 'ஃபானி அண்ட் அலெக்சாண்டர்' பாருங்கள், அத்தை ஆனாவாக வருவார், பியானோவும் வாசிப்பார். அதைப் பார்த்த கையோடு 'ஆட்டம் சொனாட்டா' காட்சியை இன்னொரு தடவை போட்டு, இந்த முறை இரண்டாவது வாசிப்பை மட்டும் கேளுங்கள்.