ஆண்குறியில் பூஞ்சைத் தொற்று: கண்டறிவதும் குணப்படுத்துவதும்
மொட்டுப் பகுதி சிவந்து அரிக்கிறதா? முன்தோலை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். சிறு சிவப்புப் புள்ளிகளும் தயிர்த்திப்பி போன்ற வெள்ளைப் படிவும் இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சைதான். முதல் தடவை என்றால் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது.

சோப்பு வேண்டாம், எரிச்சல் கூடும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, 1% குளோட்ரிமசோல் (பூஞ்சையைக் கொல்லும் மருந்து) க்ரீமை தினமும் இரண்டு வேளை மெல்லிசாகத் தடவி, முன்தோலை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துகிறார்கள், தொற்று திரும்பிவிடுகிறது. 7 முதல் 14 நாள் விடாமல் போடுங்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாக வாங்கிப் பூசவே கூடாது.

குளோட்ரிமசோல் க்ரீம் ஆணுறையைப் பலவீனமாக்கும்; குணமாகும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள். துணைக்கும் அரிப்பிருந்தால் அவருக்கும் சிகிச்சை தேவை.

அடிக்கடி வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். புண், சீழ், சிறுநீர் அடைப்பு, முன்தோல் சிக்கிக்கொள்வது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.