ஈரத் தொட்டியில் வாடும் மான்ஸ்டெராவை மீட்கும் முறை

தொட்டி மண் ஈரமாக இருக்கும்போதே மான்ஸ்டெரா என்னும் அழகுச் செடியின் இலைகள் தொங்கத் தொடங்கினால், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு முதலில் வேரைப் பார்க்க வேண்டும். தாகத்தால் வாடும் செடியும் வேர் அழுகி வாடும் செடியும் மேலே ஒரே தோற்றத்தையே தருகின்றன. ஏனெனில் அழுகிய வேரால், தன்னைச் சுற்றி எவ்வளவு நீர் இருந்தாலும் அதை உறிஞ்சி மேலே அனுப்ப முடிவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றப்பட்டு இறந்துபோகும் செடிகள் பல. அவற்றில் பெரும் பகுதியை உரிய நேரத்தில் காப்பாற்றியிருக்க முடியும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான மழைக்காடுகளுக்கு உரியது; நம் சேம்பும் கருணைக்கிழங்கும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. அது மரங்களைப் பற்றி ஏறி வளரும். வேர்கள் இலைமக்கிலும் மரப்பட்டை இடுக்குகளிலும் பரவும். அங்கே மழை ஓயாமல் பெய்தாலும் நீர் நிற்காமல் வடிந்துவிடுகிறது. வடிந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. தொட்டியிலோ, இறுகிய மண்ணின் நுண்துளைகளில் நீர் தேங்கிவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும் என்பதால், வேர்கள் சுவாசிக்க வழியின்றி நலிகின்றன. நலிந்த வேரைத்தான் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் தாக்குகின்றன. இவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை என்பதால், தேங்கிய ஈரம் அவற்றுக்குப் பாதையாகவும் அமைகிறது. ஆகவே மீட்புப் பணியின் நோக்கம் ஒன்றே: வேருக்குக் காற்றைத் திருப்பிக் கொடுப்பது.

அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாவது, இலையில் மெத்தென்ற கரும்பழுப்புத் திட்டுகள் தோன்றுவது, தொட்டியிலிருந்து புளித்த வாடை வருவது, மண்ணின் மேல் சிறு கொசுக்கள் போன்ற பூச்சிகள் மொய்ப்பது ஆகியவை மிகை ஈரத்தின் அடையாளங்கள். இலையின் ஓரங்கள் மொறுமொறுவென்று காய்ந்து, தொட்டியும் தூக்கும்போது லேசாக இருந்தால் அது தாகம். விடியற்காலையில் இலை நுனியில் நிற்கும் நீர்த்துளிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம்; நலமான மான்ஸ்டெராவும் அவ்வாறு நீரை வெளியேற்றும்.

எல்லாச் செடிகளையும் பிடுங்க வேண்டியதில்லை. ஓரிரு இலைகள் மட்டும் மஞ்சளாகி, தண்டு உறுதியாகவும் மண் வாடையின்றியும் இருந்தால், அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, நேர்வெயில் படாத வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்குத் தொட்டியை மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணில் சில துளைகள் இட்டுக் காய விடுவதே போதும். ஈர மண்ணில் செடி வாடினாலோ, தண்டின் அடி மெத்தென்று அமுங்கினாலோ, அன்றைக்கே வெளியே எடுப்பது நல்லது.

தொட்டியைச் சாய்த்து, தண்டின் அடியைப் பிடித்துச் செடியை வெளியே எடுங்கள். பழைய மண் முழுவதையும் கையால் உதிர்த்து, குழாய் நீரில் வேர்களைக் கழுவுங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரு விரல்களால் உருவினால் மேல்தோல் கழன்று, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். முதிர்ந்த வேர்களும் தேங்காய் நாரின் சாயம் ஏறிய வேர்களும் பழுப்பாகவே இருக்கும், ஆனால் உறுதியாக இருக்கும். கத்தரியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகிய பகுதியையும் அதற்கு மேலே நல்ல பகுதியில் சிறிதளவையும் சேர்த்து வெட்டுங்கள். அழுகலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மீண்டும் துடையுங்கள். இந்தச் செடியின் சாறு கருணைக்கிழங்கைப் போலவே அரிப்பைத் தரும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் அகற்றிவிடுங்கள்.

மருந்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேரழுகல் என்றதும் கடைகளில் பெரும்பாலும் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பித்தியமும் ஃபைட்டோஃப்தோராவும் உண்மையான பூஞ்சைகள் அல்ல. பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய இனத்தவை. அதனால் அந்தத் தூள் அவற்றைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு உரியது மெட்டலாக்சில் வகை மருந்து. வீட்டில் உள்ள ஓரிரு தொட்டிகளுக்கு, சுத்தமாக வெட்டுவதும் புதிய கலவையும் எந்த மருந்தைவிடவும் பயன் தரும் என்பதே என் உறுதியான கருத்து. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைப் புதிய கலவையில் சேர்ப்பது நல்ல முன்காப்பு. அதையும் இரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் ஒருசேர இட்டால் முதலாவது வீணாகலாம்.

மறுபடி நடும் தொட்டி, எஞ்சிய வேர்களின் அளவுக்குச் சற்றே பெரியதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து, பழைய நோயை மீண்டும் கொண்டுவரும். மெருகு பூசாத மண் தொட்டி பக்கங்களின் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றுவதால் மீட்புக்கு மிகவும் ஏற்றது. கலவைக்கு, தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த லேசான வெள்ளை மணிகள்) ஒரு பங்கு, சிறு கரித்துண்டுகள் ஒரு கைப்பிடி என்பது நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் அளவீடு. பெர்லைட் இல்லையென்றால் சலித்த செங்கல் துண்டுகளைச் சேர்க்கலாம். நட்டபின் அடியில் வழியுமளவுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றி, முழுவதும் வடியவிட வேண்டும்.

வேர் அனைத்தும் போய்விட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். தண்டில் உறுதியான கணு ஒன்று இருந்தால் போதும். அழுகல் இல்லாத இடத்தில் வெட்டி, வெட்டுவாய் சில மணி நேரம் உலர்ந்தபின், கணு மூழ்குமாறு தண்ணீரில் வைத்து, நீரைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றி வந்தால் புதிய வேர் வரும். காற்று வேர் உள்ள கணு இன்னும் விரைவாக வேர்விடும். கணு இல்லாத தனி இலை நெடுநாள் பசுமையாக நின்றாலும் ஒருபோதும் செடியாகாது.

நட்டபின் உள்ள வாரங்களில் செடியைத் தொந்தரவு செய்யாதிருப்பதே கவனிப்பு. ஒரு புதிய இலை விரியும் வரை உரம் இட வேண்டாம். காயமுற்ற வேரை உரத்தின் உப்பு மேலும் கருக்கும். மஞ்சளான இலை மீண்டும் பச்சையாகாது. அது முழுவதும் வாடியபின் வெட்டிவிடலாம். வேரின் பெரும்பகுதி போயிருந்தால், மிஞ்சிய வேரின் சுமை குறைய, அடியிலைகள் ஒன்றிரண்டை முன்னதாகவே எடுத்துவிடலாம்.

இனி வராமல் தடுப்பதற்கு, வாரம் இத்தனை முறை என்ற கணக்கைக் கைவிடுங்கள். விரலைக் கலவைக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, அங்கும் உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்றுங்கள். கோகோபீட்டின் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்திருக்கும்போதே உள்ளே சொதசொதவென்று இருப்பதுண்டு; எனவே கண்ணை நம்ப வேண்டாம். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில், நுண்ணிய மண்ணிலுள்ள நீர் பெரிய கற்களின் இடைவெளிக்குள் எளிதாக இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தங்கி, வேர்களுக்கு இன்னும் நெருங்கிவிடும். ஜல்லிக்குப் பதிலாக அடித்துளைகளைப் பெரிதாக்குங்கள். நர்சரியிலிருந்து வாங்கிய செடி இறுகிய செம்மண் உருண்டையோடு வந்திருந்தால், அது புதிய சூழலுக்குப் பழகியபின் அந்த உருண்டையை நீரில் ஊறவைத்துக் கரைத்துவிட்டு நடுங்கள். இல்லையெனில் வெளியே எவ்வளவு நல்ல கலவை இருந்தாலும் நடுவில் வேர் மூச்சுத் திணறும். சென்னை போன்ற ஊர்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் காற்றே ஈரமாக இருப்பதால், மே மாதத்தில் சில நாட்களில் காய்ந்த தொட்டி நவம்பரில் இரு மடங்கு நாட்களுக்கு மேலும் ஈரமாக நிற்கலாம். அழகுக்காக வெளியே வைக்கும் துளையற்ற தொட்டிக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று அந்த மாதங்களில் அடிக்கடி தூக்கிப் பார்ப்பது அவசியம்.