ஏரிக்கரையில் கூத்து வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஓசூர் ராமநாயக்கன் ஏரி, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கரை, ஒகேனக்கல் பரிசல் துறை என்று தண்ணீர் ஓரமாக நிகழ்ச்சி வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பின்னணி அழகைத்தான். அங்கே யார், எந்த நேரத்தில் பிழைப்புப் பார்க்கிறார்கள் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. வலைக்காரர்கள் பொழுது சாய வலை விட்டு, விடியற்காலையில் எடுப்பார்கள். நம் பக்கத்துக் கூத்தும் விடியத்தான் முடியும். பந்தல் சாமான் ஏற்ற வந்த லாரி துறைக்கு இறங்கும் ஒரே பாதையை அடைத்துக்கொண்டால், மீன் சந்தைக்கு நேரத்தில் போகாது. அதனால் நீர்வளத்துறை, காவல்துறை அனுமதியோடு நிற்காமல் மீன்பிடி குத்தகைக்காரரையும் பரிசல் ஓட்டிகளையும் பாருங்கள். மூன்று மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டி, அவர்கள் பாதையை இரவு முழுக்கக் காலியாக விடுங்கள்.

பந்தல்கால் நடக் கரையில் கடப்பாரை போடவே கூடாது. மண்கரையில் தோண்டிய குழியை மேலாக மண் தள்ளி மூடினால் இறுகாது. மழை அந்த வழியே இறங்கும், கரை அரிக்கும். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோ எடை. பந்தல்காலை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். கழுத்துவரை நிரப்பி மூடி போட வேண்டும், பாதி டிரம் காற்றில் ஆடும். மதகின் மேலும், ஏரி நிரம்பி உபரி நீர் வெளியேறும் கோடி வழியிலும் மேடையோ கடையோ வேண்டாம். வற்றிய ஏரியின் உள்வாய் இன்னும் ஏமாற்றும்: மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அரையடிக்குக் கீழே களி. கம்பியைக் கையால் அழுத்தினால் ஒரு சாணுக்கு மேல் இறங்குகிறதா, இடத்தை மாற்றுங்கள். இறங்காவிட்டாலும் மேடைக் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டடிச் சதுரப் பலகை வேண்டும்.

உள்ளூர் வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. பெங்களூரு பக்கம் பெய்தால் கெலவரப்பள்ளி அணை திறக்கும், கிருஷ்ணகிரியில் வெயில் அடிக்கும்போதே தென்பெண்ணை ஏறும். ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கு வருவதே கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பும் பருவத்தில். அன்று காலை, காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று கேட்காமல் ஆற்றோரம் நாற்காலி போடாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் மழைவெள்ளம் வண்டிகளையே இழுத்துப்போனது. மாற்று மண்டபத்தை முன்பே பேசி வையுங்கள். ‘மாத்து’ என்று சொல்லும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

ஒலியில்தான் சண்டை வரும். இரவில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். இக்கரையில் இதமாகக் கேட்பது அக்கரை வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கும். எதிரே 170 மீட்டரில் அணைச்சுவர் இருந்தால் பாட்டு ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்து தாளத்தைக் குலைக்கும். பெரிய பெட்டி இரண்டைத் தண்ணீரைப் பார்த்து வைப்பதைவிட, சின்னப் பெட்டி ஆறு, ஆட்களைப் பார்த்து, கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது மேல். 2000ஆம் ஆண்டு ஒலி விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு விலக்கு தந்தாலும் நள்ளிரவு வரைதான். ஆகவே பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு ஆட்களை நெருக்கி அரைவட்டமாக உட்கார வையுங்கள். கூத்து மைக்குக்கு முன்னாலேயே இருந்த கலை, நாயனம் போல ஊதும் முகவீணை தானாகக் கேட்கும். ஐந்தடி மேடையும் வேண்டாம். கிறுகி, அதாவது சுழன்று, ஆடுபவருக்குச் சமதளத் தரை போதும். பலகை மேடையில் சலங்கையைவிட மிதிச்சத்தம்தான் பெரிதாக வரும்.

பறைக்காரர்களுக்கு நெருப்பு மூட்ட இடம் ஒதுக்க மறப்பது வழக்கமாகிவிட்டது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து, ‘கணீர்’ என்று விழ வேண்டிய அடி ‘தொம்’ என்று விழும்; இரண்டு பாட்டுக்கு ஒருமுறை காய்ச்சியாக வேண்டும். இடம் இல்லையென்றால் அவர்கள் வைக்கோலைக் கரையோரம், கவிழ்த்து வைத்த பரிசல் பக்கத்திலேயே கொளுத்துவார்கள். பரிசல் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் தாரும். ஒரு பொறி போதும். காற்று பரிசல்களிலிருந்து விலகி வீசும் பக்கம், 15 மீட்டர் தள்ளி, மணல் வாளியோடு இடம் கொடுங்கள்.

வெள்ளை விளக்கு பூச்சியை இழுக்கும், பாடுபவர் வாய்க்குள் போகும். மஞ்சள் விளக்கு போடுங்கள். தண்ணீரை நோக்கிய ஃபோகஸ் லைட் துடுப்புப் போடுபவர் கண்ணைக் கூசவைக்கும். ஜெனரேட்டர் லைனில் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஈர மண்ணில் ஒயர் இழுக்காதீர்கள்.

பந்தல் பிரித்த பிறகு கட்டுக்கம்பித் துண்டுகளைக் காந்தம் வைத்துப் பொறுக்குங்கள். காலையில் அந்த மணலில்தான் பரிசலை இழுத்து இறக்குவார்கள். ஒரு விரல் நீளக் கம்பி அடிப்பக்கத்தைக் கிழித்துவிடும்.