வோமெரோ குன்றுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நேப்பிள்ஸ் போய் வந்தவர்களிடம் வோமெரோவைப் பற்றிக் கேளுங்கள். "மேலே போனோம், கடலும் வெசுவியஸ் எரிமலையும் தெரிஞ்சது, போட்டோ எடுத்தோம், இறங்கிட்டோம்" என்பார்கள். ஒரு குன்றையே மொட்டைமாடி ஆக்கிவிடுகிறோம். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மேலே ஏறுமுன்பே ஒன்று காத்திருக்கிறது. கம்பி இழுத்து ஏற்றும் ஃபூனிகோலாரே ரயில்கள் ஊரில் நான்கு. கியாயா, சென்ட்ராலே, மோன்தெசாந்தோ மூன்றும் வோமெரோவுக்குப் போகும். மெர்ஜெல்லினா ரயில் பொசில்லிபோ என்ற வேறு குன்றுப் பக்கம் கொண்டுபோய்விடும். நான் ஏறியது அதில்தான். "வோமெரோ?" என்று பக்கத்திலிருந்த பாட்டியிடம் கேட்டேன். நாக்கால் 'ச்' கொட்டி, முகவாயை மேலே தூக்கினார். ஆமாம் என்கிறார் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். அந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தமாம்.

அடுத்தது கிழமை. சான் மார்த்தீனோ மடத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. ஃப்ளோரிடியானா அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வேறு நாள். இரண்டையும் முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஆலயங்கள் மதியம் பூட்டிவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, சொல்லவே வேண்டாம்.

சான் மார்த்தீனோவில் அவசரம் கூடவே கூடாது. 1325இல் கலாப்ரியா கோமகன் கார்லோ தொடங்கிய கார்த்தூசியத் துறவிகளின் மடம் இது. இன்று கண்ணைப் பறிக்கும் பளிங்கு வேலைப்பாட்டில் பெரும்பகுதி 1623 முதல் சிற்பி கோசிமோ ஃபன்சாகோ செய்தது. ஆலயத்தின் பகட்டைப் பார்த்தே களைத்துப்போய், கருவூலச் சிற்றாலயத்தில் பலரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பீடத்தில் ரிபேரா 1637இல் வரைந்த, இறந்த இயேசுவும் மரியாளும். தலைக்கு மேலே 1704இல், எழுபது வயதில், லூக்கா ஜோர்தானோ வரைந்த, விவிலிய வீராங்கனை யூதித்தின் வெற்றி. கீழே இழவு, மேலே கொண்டாட்டம். கழுத்து வலித்தாலும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் பெரிய முற்றம். அதன் ஒரு மூலையில் துறவிகளின் கல்லறைத் தோட்டம், சுற்றிலும் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். அதன் மேல் பளிங்கில் செதுக்கிய மண்டையோடுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு மட்டும் வாகைமாலை சூட்டியிருக்கிறார்கள். வெசுவியஸைவிட எனக்கு நினைவில் நிற்பது அந்த மண்டையோடுதான்.

கிறிஸ்துமஸ் குடில் குழந்தைகளுக்கானது என்று இதே மடத்தில் இருக்கும் கூச்சினியெல்லோ குடிலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1879இல் திறந்தது. பொம்மைகளுக்குச் சுடுமண் தலை, கண்ணாடிக் கண், மரக் கைகால், உடம்புக்குக் கம்பியும் சணலும். குழந்தை இயேசு இருப்பது தொழுவத்தில் இல்லை, இடிந்த கோயிலில். சுற்றிலும் பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் சந்தையே இருக்கிறது.

வன்வித்தெல்லி சதுக்கத்தில் நடக்கும் தவறு வேறு ரகம். கசெர்த்தா அரண்மனையைக் கட்டிய வன்வித்தெல்லியின் கைவண்ணத்தை அங்கே தேடுகிறார்கள். அவர் இறந்தது 1773இல். சதுக்கம் அதற்கு நூறு வருஷத்துக்கும் பிந்தியது. 1884 காலராவுக்குப் பிறகு ஊரைச் சீரமைக்கக் கிளம்பியபோதுதான் இந்தக் குன்றில் புதுப் பேட்டை எழுந்தது. அதுவரை புரோக்கோலித் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். ஸ்கார்லாத்தி, ஜோர்தானோ, பெர்னீனி என்று தெருவுக்குத் தெரு கலைஞர்களின் பெயர். பெயர்தான் பழசு, கட்டடம் புதுசு. பழைய வோமெரோ வேண்டுமானால் அன்தின்யானோ பக்கம் போங்கள். ஊரின் காவல் புனிதர் ஜென்னாரோவின் உறைந்த இரத்தம் முதன்முதலில் இளகியது அங்கேதான் என்பது மரபு. சதுக்கத்தின் எட்டு மூலைகளையும் பார்த்த கையோடு, கீழே மெட்ரோ நிலையத்தில் அண்ணாந்து பாருங்கள். கலைஞர் மாரியோ மெர்ஸ் நியான் விளக்கில் சுழற்றிவிட்ட எண்களின் சுருள் இருக்கிறது.

ஃப்ளோரிடியானா மாளிகைக்கு ஒரு வம்புக்கதை உண்டு. மன்னர் பெர்டினாண்டின் மனைவி மரியா கரோலினா 1814 செப்டம்பரில் இறந்தார். நவம்பரிலேயே ஃப்ளோரிடியா கோமகள் லூச்சியாவை மன்னர் மணந்துகொண்டார். லூச்சியா பட்டத்து ராணி ஆக முடியாது. ஆனால் இந்த மாளிகை கிடைத்தது, கட்டடக்கலைஞர் நிக்கோலீனியின் கைவேலையில். சிமரோசா தெரு வாசலில் நுழைந்து வெள்ளைக் கட்டடத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று திரும்பாதீர்கள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் பளிங்குப் படிகளும், தோட்டமும், கடலும். உள்ளே தூக்கா தி மார்த்தீனா எனும் பீங்கான் அருங்காட்சியகம், 1931 முதல்.

இறங்குவதற்குப் பெதமென்தீனா படிக்கட்டு. மொத்தம் 414 படிகள். அதில் ஏறிப் பார்க்கலாம் என்று வீரம் காட்டாதீர்கள், ரயிலில் ஏறி இதில் இறங்குங்கள். கிளம்புமுன் மடத்து வாசல் மேட்டில் ஐந்து நிமிஷம் நின்றால், ஊரைக் கத்தியால் கீறியதுபோல ஸ்பக்கநாப்பொலி தெரு நேர்கோடாகத் தெரியும், காசு கொடுக்காமலே. கருங்கல் படிகள் மழையில் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் மேலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் என் கண்ணில் ஒரு கடைகூடப் படவில்லை.