பழைய செயின்சாவ ஒப்பேத்துறப்போ இதெல்லாம் பண்ணாதீங்க

2011 டிசம்பர் 30 தானே புயல்ல பண்ருட்டி பக்கம் முந்திரி, பலான்னு தோப்பு தோப்பா சாஞ்சப்ப வாங்குன செயின்சாங்க (மரம் அறுக்கற பெட்ரோல் மெஷின்) சில வீட்ல இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் அடிச்சப்பவும் பரண்லேர்ந்து அதத்தான் எறக்குனாங்க. ஸ்பேர் ஈஸியா கெடைக்காது, அதனால கையில கெடச்சத வச்சு ஒப்பேத்துறோம், அது சரிதான். ஆனா சில எடத்துல ஒப்பேத்துனா மிச்சம் பண்ண நூறு ரூபாய்க்கு சிலிண்டர் பிஸ்டன் செட்டே போயிடும்.

மொதல்ல பெட்ரோல் டியூப். பழசு வெடிச்சிடுச்சுன்னு மீன் தொட்டி டியூப், இல்லனா ஆஸ்பத்திரி சலைன் டியூப வெட்டி மாட்டுறாங்க. பெட்ரோல்ல ஊறுனா அது கொஞ்ச நாள்லயே வெறச்சு சுருங்கிடும், மாட்டுன எடத்துல காத்து இழுக்க ஆரம்பிக்கும். இது டூ ஸ்ட்ரோக் வண்டி, உள்ள போற ஆயிலே பெட்ரோலோட சேந்துதான் போகுது, பெட்ரோல் கொறஞ்சா ஆயிலும் கொறையும், சூடு ஏறி பிஸ்டன் புடிச்சுக்கும். இதுல கொடுமை என்னன்னா சாகறதுக்கு முன்னாடி மெஷின் சூப்பரா ஓடும், கீச்சுன்னு ரெய்ஸ் ஏறும், ஆஹா நம்ம ரிப்பேர் செட் ஆயிடுச்சுன்னு நெனச்சுப்போம். ஆக்சிலேட்டர விட்டதும் டப்புனு எறங்காம கொஞ்ச நேரம் எகிறிட்டே நின்னா காத்து இழுக்குதுன்னு சந்தேகப்படுங்க, உடனே ஆஃப் பண்ணிடுங்க. பைக் ஸ்பேர் கடைல பெட்ரோலுக்குன்னே ரப்பர் ஹோஸ் இருக்கு, ஆனா டேங்க் ஓட்டைல டைட்டா உக்கார்ற சைஸா பாத்து வாங்கணும்.

இதே கதைதான் கார்ப்ரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற ரப்பருக்கும். அது கீறிக்கிச்சுன்னா எம்சீல் அப்புறாங்க, சிலிகான் தடவுறாங்க. இன்ஜின் ஒரு பக்கம் ஆடும், ஹேண்டில் இருக்கற பக்கம் வேற மாதிரி ஆடும், அதுக்கு வளைஞ்சு குடுக்கத்தான் அந்த எடத்துல ரப்பரே வச்சிருக்கான், அங்க எம்சீல் எப்படி நிக்கும்? சாதா சிலிகான் பெட்ரோல் பட்டா உப்பி பிச்சுக்கும். வேற வழியில்ல, மாத்தித்தான் ஆகணும். கீறல் இருக்கான்னு டவுட்டா இருந்தா, மெஷின் சூடேறுறதுக்கு முன்னாடி ஐடிலிங்ல ஓட விட்டு அந்த ரப்பர சுத்தி லேசா டபிள்யூடி-40 அடிங்க (சைலன்சர் பக்கம் படக்கூடாது), சத்தம் மாறுனா அங்கதான் ஓட்ட. இத கண்டுபுடிக்காம கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவ திருகி திருகி சரி பண்றவங்கதான் ஜாஸ்தி, அது நோய மறைக்கும் அவ்ளோதான்.

ஸ்பார்க் பிளக்குக்கு பைக் பிளக்க போடுறது இன்னொன்னு. பிளக்கோட மரை (திருகுற பகுதி) நீட்டா இருந்தா பிஸ்டன் தலையில போய் இடிக்கும், பழச பக்கத்துல வச்சு அளந்து பாத்துட்டு போடுங்க.

செயினுக்கு கழிவு ஆயில் ஊத்துறது நம்ம ஊர்ல வழக்கமாவே ஆயிடுச்சு. அதுல இரும்புத்தூள் இருக்கும், ஆயில் பம்ப தின்னுடும். அதோட கடலோர சவுக்குத் தோப்புல பட்டையிலயே மணல் அப்பியிருக்கும், செயின் ஏற்கனவே பாதி தேஞ்சுதான் கெடக்கும். செயின் ஆயில் கெடைக்கலனா மலிவா ஒரு புது இன்ஜின் ஆயிலாவது ஊத்துங்க.

ஸ்டார்ட் பண்ண இழுக்கற கயிறு அறுந்தா அதே தடிமன்ல நைலான் கயிறு போடலாம், ஸ்டார்ட்டர் கவர் கீறுனா எம்சீல் போடலாம், ஆஃப் சுவிட்ச் ஒயர் அறுந்தா முறுக்கி டேப் சுத்தலாம், இதெல்லாம் தாராளமா பண்ணுங்க.

ஆனா செயின் பிரேக் (மெஷின் எகிறுனா செயின டக்குனு நிறுத்துறது) ஒடஞ்சா கழட்டி தூக்கிப் போட்டுட்டு அறுக்கறது, ஆக்சிலேட்டர் லாக்க (ஹேண்டில புடிச்சு அமுக்குனாத்தான் ரெய்ஸ் ஏற விடுற லீவர்) கம்பியால கட்டி வைக்கறது, ரெண்டையும் கனவுல கூட பண்ணாதீங்க. ஃபுல் ரெய்ஸ்ல செயின் நொடிக்கு 20 மீட்டர் கிட்ட ஓடும், பார் (செயின் சுத்துற நீட்டு தகடு) மூக்கோட மேல் பக்கம் கிளையில முட்டுச்சுன்னா மெஷின் மொகத்த பாத்து எகிறும், கைய எடுக்கக்கூட நேரம் இருக்காது. பிரேக் ஸ்பேர் வர்ற வரைக்கும் கோடாலி எடுத்துக்குங்க.

கடைசியா, வேலை முடிஞ்சதும் டேங்க்ல பெட்ரோல விட்டுட்டு பரண்ல ஏத்தாதீங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, கடற்காத்து ஈரத்த இழுத்துக்கும், கார்ப்ரேட்டர் உள்ள பிசின் கட்டிக்கும். டேங்க காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுட்டு ஏத்துங்க.